இக்யூஇ: வீட்டிலிருந்து எழுதும் காப்புரிமைத் தேர்வு ஏன் சுலபமாகிவிடவில்லை

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் முன் வாதாடும் உரிமையைத் தரும் தகுதித் தேர்வுக்குச் சுருக்கப் பெயர் இக்யூஇ. அண்மைக் காலத்தில் அது இரண்டு முறை உருமாறியிருக்கிறது. 2021இல் தேர்வு மையங்களை விட்டுக் கணினித் திரைக்கு வந்தது. 2025 முதல் தாள்களின் அமைப்பே படிப்படியாக மாறிக்கொண்டிருக்கிறது. எழுத நினைப்பவர்களிடம் இப்போது இரண்டு கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி செய்வது இனி வீண்தானா? வீட்டில் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்றால், இதில் அப்படி என்ன கஷ்டம்? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதும் தெளிந்துவிடும். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

இந்தத் தேர்வு எதற்காக?

காப்புரிமை என்பது ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. ஐரோப்பாவில் இதை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகவும் வாங்கலாம். அல்லது ஒரே விண்ணப்பத்தில், ஒரே பரிசீலனையில் வாங்கலாம். இரண்டாவது வழியைத் திறந்தது 1973 அக்டோபர் 5 அன்று மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை. சுருக்கமாக இபிசி. 1977இல் நடைமுறைக்கு வந்த இதில் இன்று 39 நாடுகள் உறுப்பினர்கள். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனும் இதில் இருக்கிறது, ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் துருக்கியும் இருக்கின்றன.

இபிசியின் 133ஆவது பிரிவின்படி, உறுப்பு நாடு எதிலும் வசிப்பிடமோ தொழிலிடமோ இல்லாத ஒருவர் விண்ணப்பத்தைத் தாக்கல் மட்டும் தானே செய்யலாம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வேலைக்கும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி கட்டாயம். சென்னையில் இருக்கும் நிறுவனமானாலும் டோக்கியோவில் இருக்கும் நிறுவனமானாலும் இதே கதைதான். அந்தப் பிரதிநிதிகளின் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் இக்யூஇ தேற வேண்டும் என்கிறது 134ஆவது பிரிவு. காப்புரிமை அலுவலகமும், எபி எனப்படும் பிரதிநிதிகளின் சங்கமும் சேர்ந்து தேர்வை நடத்துகின்றன.

உட்கார்ந்து எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். ஒரு பிரதிநிதியின் கீழோ, நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிலோ பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முழுத் தகுதிக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி என்பது பொதுவான கணக்கு. சட்டப் பட்டம் தேவையில்லை. எஞ்சினியர்கள் சட்டம் படித்து எழுதும் தேர்வு இது. அதன் கடினம் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பழைய தாள்கள், புதிய தாள்கள்

2012இல் சேர்க்கப்பட்ட முன்தேர்வும் நான்கு முதன்மைத் தாள்களுமே பல ஆண்டுகளாகக் கட்டமைப்பாக இருந்தன:

1. ஏ தாள்: வாடிக்கையாளரின் கடிதத்தைப் படித்து உரிமைக்கோரல்களை எழுதுவது. எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எல்லை போடும் வாக்கியங்களே உரிமைக்கோரல்கள்.
2. பி தாள்: பரிசீலகரின் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, உரிமைக்கோரல்களைத் திருத்துவது.
3. சி தாள்: வேறொருவருக்குக் கிடைத்த காப்புரிமையை எதிர்த்து மனு எழுதுவது.
4. டி தாள்: சட்டக் கேள்விகள், அப்புறம் சிக்கலான ஒரு சூழலில் வாடிக்கையாளருக்கு எழுதும் சட்ட ஆலோசனை.

ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 50. சின்னச் சலுகை ஒன்றும் இருந்தது. எந்தத் தாளிலும் 45க்குக் குறையாமல், குறைந்தது இரண்டு தாள்களில் 50 தாண்டி, நான்கிலும் சேர்த்து 200 எடுத்துவிட்டால் தேர்ச்சி.

புதிய அமைப்பில் முன்தேர்வின் இடத்துக்கு எஃப் என்ற அடிப்படைத் தாள் 2025இல் வந்தது. முதன்மைத் தாள்களின் இடத்தை எம்1, எம்2 ஆகியவை 2026 முதலும், எம்3, எம்4 ஆகியவை 2027 முதலும் எடுத்துக்கொள்ளும்படி திட்டம் வகுக்கப்பட்டது. எல்லாவற்றையும் பயிற்சிக் காலத்தின் கடைசியில் மொத்தமாக எழுதாமல், பயிற்சி முன்னேற முன்னேறப் படிப்படியாக எழுத வேண்டும் என்பதே நோக்கம். கவனிக்க வேண்டியது இதுதான்: சோதிக்கப்படும் சட்டமும் திறமையும் அவையேதான். உரிமைக்கோரலைப் படிப்பது, முந்தைய ஆவணத்தோடு ஒப்பிடுவது, கெடுவைக் கணக்கிடுவது, ஆலோசனை சொல்வது ஆகியவை வேறு விதமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பழைய தாள்கள் வீண் இல்லை. பழைய தாளின் வடிவத்தை மனப்பாடம் செய்வதுதான் வீண்.

திரைக்கு வந்ததால் என்ன மாறியது?

2020 மார்ச் தேர்வு கொரோனாவால் ரத்தானது. அடுத்த ஆண்டு வைஸ்ஃப்ளோ என்ற மென்பொருளில் முதல்முறையாக இணையவழியில் நடந்தது. பூட்டப்பட்ட உலாவி ஒன்று கணினியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும். வேறு செயலிகளைத் திறக்க முடியாது. கேமரா வழியாகக் கண்காணிப்பு உண்டு.

இதில் மூன்று மாற்றங்கள் தயாரிப்பையே பாதிக்கின்றன.

முதலாவது, நீளமான தாள்கள் துண்டுகளாகப் பிரிந்தன. சி தாள் இரண்டு பகுதியானது. டி தாளின் சட்டக் கேள்விகளும் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியைச் சமர்ப்பித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. முன்பெல்லாம் தெரியாத கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசி அரை மணியில் அதற்கு வரலாம். இப்போது அந்தந்தப் பகுதிக்குள்ளேயே கணக்கை முடித்தாக வேண்டும். நேரத்தைத் தாராளமாகச் செலவழித்துப் பழகியவர்களை இது நன்றாகவே அடிக்கிறது.

இரண்டாவது, ஒரே திரை. சி தாளில் தாக்க வேண்டிய காப்புரிமையும், அதற்கு எதிரான பல ஆவணங்களும் கையில் இருக்கும். மேசை முழுக்கப் பரப்பி, வண்ணப் பேனாவால் கோடு போட்டு வேலை செய்தவர்கள் இதைத் திரையில் தாவித் தாவிச் செய்ய வேண்டும். சில இணைப்புகளை அச்சிட்டுக்கொள்ள அனுமதி தரப்பட்டதுண்டு. எதை அச்சிடலாம், எந்த நிமிடத்தில் அது கிடைக்கும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவுறுத்தலில் வரிக்கு வரி படிப்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

மூன்றாவது, தட்டச்சு. கையெழுத்து விளங்கவில்லை என்ற கவலை போய், வெட்டி ஒட்டும் வசதி வந்தது. அந்த வசதி வேறொரு வம்பையும் கூட்டிவந்திருக்கிறது. கொஞ்சம் கீழே பார்க்கலாம்.

திறந்த புத்தகம் ஏன் கைகொடுப்பதில்லை?

சட்ட நூல்கள் கையில் இருக்கலாம் என்றவுடன் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நம்ப வேண்டாம். விதி என்ன சொல்கிறது என்பதைத் தேர்வு கேட்பதில்லை. எந்த விதிகள், எந்த வரிசையில், இந்தத் தேதிகளின் மேல் வேலை செய்கின்றன என்று கேட்கிறது. ஒரு சின்ன உதாரணம்.

பரிசீலகர் அனுப்பிய கடிதத்தின் தேதி 2026 பிப்ரவரி 2. பதில் தர நான்கு மாதம். கடைசி நாள் எது?

1. கடிதம் எப்போது கிடைத்ததாகக் கொள்வது? 126ஆவது விதியின் பழைய வடிவப்படி கடிதத் தேதிக்குப் பத்து நாள் கழித்து. 2023 நவம்பர் 1 முதல் அந்தப் பத்து நாள் போய்விட்டது. கடிதத்தில் உள்ள தேதியே கிடைத்த தேதி. ஆக, பிப்ரவரி 2.
2. நான்கு மாதத்தை எப்படி எண்ணுவது? 131ஆவது விதிப்படி, உரிய மாதத்தின் அதே எண்ணுள்ள நாளில் கெடு முடியும். ஆக, ஜூன் 2, செவ்வாய்.
3. கடிதம் உண்மையில் பிப்ரவரி 14 அன்றுதான் வந்து சேர்ந்தது, அலுவலகத்தால் மறுக்க முடியவில்லை என்றால்? 12 நாள் ஆகியிருக்கிறது. ஏழு நாளைத் தாண்டிய ஐந்து நாள்கள் கெடுவோடு சேரும். ஜூன் 7.
4. ஜூன் 7 ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் திறக்காத நாளில் கெடு முடிந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும் என்கிறது 134ஆவது விதி. இறுதி விடை ஜூன் 8, திங்கள்.

பழைய விதியைப் பழக்கத்தில் போட்டிருந்தால் ஜூன் 12 என்று வந்திருக்கும். பதில் தாமதமாகி, விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்பட்டிருக்கும். சரி, அப்படி ஆகிவிட்டால் காப்பாற்ற வழி உண்டா? உண்டு. உரிமை போனதாக அறிவிப்பு வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கட்டணத்தைக் கட்டி, விட்டுப்போன பதிலையும் கொடுத்தால், 121ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பம் மீண்டும் நடக்கும். ஆனால் இந்த வழி எல்லாக் கெடுவுக்கும் இல்லை. முதல் விண்ணப்பத்தின் தேதியையே அடுத்த விண்ணப்பத்துக்கும் கோர உதவும் 12 மாத முன்னுரிமைக் காலத்தைத் தவறவிட்டவருக்கு இது கிடையாது. அவர் 122ஆவது பிரிவுக்குப் போய், உரிய கவனம் முழுவதும் எடுத்தும் தவறிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். பிறருடைய காப்புரிமையை எதிர்க்கும் ஒன்பது மாதக் கெடுவைக் கோட்டை விட்டவருக்கு இரண்டும் இல்லை.

ஒரு வரிக் கேள்விக்குள் இத்தனை கிளை இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் நின்று புத்தகத்தைப் புரட்டினால் நேரம் போய்விடும். விடையை அறிந்தவர் விதி எண்ணைச் சரிபார்க்க மட்டும் புத்தகத்தைத் தொடுவார். திறந்த புத்தகத்துக்கு இந்தத் தேர்வில் அவ்வளவுதான் வேலை.

இன்னொரு விஷயம். முந்தைய ஆண்டு அக்டோபர் 31 அன்று நடைமுறையில் இருந்த சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்பதே இக்யூஇயின் வழக்கம். யாரோ கைமாற்றிக் கொடுத்த பழைய குறிப்பேட்டில் பத்து நாள் விதி இன்னும் உட்கார்ந்திருக்கும். பழைய மாதிரி விடைகளிலும் அப்படித்தான். அவற்றைப் பயன்படுத்தும்போது தேதிக் கணக்கை மட்டும் நடப்பு விதிப்படி திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வெட்டி ஒட்டுவதில் உள்ள ஆபத்து

வாடிக்கையாளர் கடிதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "எங்கள் புட்டி மூடியில் ஓர் எஃகுச் சுருள்வில் இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மூடி தானாகத் திறக்கும்." திரையில் அந்த வாக்கியத்தைப் பிடித்து அப்படியே உரிமைக்கோரலில் ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டினால் "எஃகு", "சிவப்பு" இரண்டும் எல்லைக்குள் வந்துவிடும். போட்டி நிறுவனம் பிளாஸ்டிக் வில்லும் நீலப் பொத்தானும் வைத்து விற்றுவிட்டுப் போகும். வாடிக்கையாளர் கையில் காப்புரிமை இருக்கும், பயன் இருக்காது. தேவையற்ற ஒவ்வொரு சொல்லும் ஏ தாளில் மதிப்பெண்ணைத் தின்றது இதனால்தான்.

திருத்தம் எழுதும்போது ஆபத்து எதிர்த் திசையில் வரும். விண்ணப்பம் முழுவதும் "எஃகுச் சுருள்வில்" என்றுதான் இருக்கிறது. பரிசீலகரின் ஆட்சேபத்தைத் தாண்ட "உலோகச் சுருள்வில்" என்று மாற்றுகிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுவாக எந்த உலோகமும் என்ற தகவல் முதலில் தாக்கல் செய்த ஆவணத்தில் எங்கும் இல்லை. 123ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதை அனுமதிக்காது. தாக்கல் செய்த ஆவணத்திலிருந்து நேரடியாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் பெறக்கூடியதை மட்டுமே சேர்க்கலாம் என்பது நிலைத்த அளவுகோல்.

ஆவணத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்து எல்லையைக் குறுக்கி, அதோடு காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சேர்த்த சொல்லை எடுத்தால் பாதுகாப்பு விரியும், அதை மூன்றாம் உட்பிரிவு தடுக்கிறது. விட்டுவைத்தால் இரண்டாம் உட்பிரிவின்படி காப்புரிமையே ரத்தாகும். விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியத்தின் ஜி 1/93 முடிவு இந்தப் பொறியைத்தான் பேசுகிறது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமான பொறி.

சி தாள் வகைக் கேள்விகளில் ஒட்டும் பழக்கம் வேறு விதமாகக் காலை வாரும். எதிரான ஆவணத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டுவிட்டு, அது உரிமைக்கோரலின் எந்த அம்சத்தைக் காட்டுகிறது என்று சொல்லாமல் விட்டால் மதிப்பெண் வராது. அதோடு ஆவணத்தின் தேதியையும் தகுதியையும் பார்க்க வேண்டும். முன்னதாகத் தாக்கலாகி, பின்னர் வெளியான ஐரோப்பிய விண்ணப்பத்தைப் புதுமை இல்லை என்று காட்ட மட்டுமே பயன்படுத்தலாம். வல்லுநருக்கு இது சட்டென்று தோன்றியிருக்கும் என்று வாதாட அதைத் தொடக்கூடாது. உரிமைக்கோரல் தெளிவாக இல்லை என்பதும், வழங்கப்பட்ட காப்புரிமையை எதிர்க்க ஒரு காரணம் ஆகாது. தெளிவின்மை கண்ணை உறுத்தும், கை தானாக எழுதத் துடிக்கும். எழுதினால் நேரம்தான் நட்டம்.

எதை, எந்த வரிசையில் செய்வது?

முன்தேர்வின் மதிப்பெண் முறை ஒரு நல்ல எச்சரிக்கை. மொத்தம் 20 கேள்விகள், ஒவ்வொன்றிலும் சரியா தவறா என்று சொல்ல வேண்டிய நான்கு கூற்றுகள். நான்கும் சரியானால் 5 மதிப்பெண், மூன்று சரியானால் 3, இரண்டு சரியானால் 1, அதற்குக் கீழே பூஜ்யம். தேர்ச்சிக்கு 70. ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று கூற்றுகளைச் சரியாகச் சொன்ன ஒருவர், அதாவது முக்கால்வாசி தெரிந்தவர், 60 வாங்கித் தோற்பார். அரைகுறை அறிவுக்கு இந்தத் தேர்வு கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அந்தத் தாள் இப்போது இல்லாவிட்டாலும், அதன் கூற்றுகள் சட்டத்தின் ஓரங்களைத் தொட்டுப் பார்க்க இன்றும் உதவும்.

வேலையோடு படிப்பவருக்கு என் பரிந்துரை இது:

1. முதலில் இபிசியின் பிரிவுகளையும் விதிகளையும் இணைத்துப் படியுங்கள். பிரிவு உரிமையைச் சொல்லும், விதி நாளையும் கட்டணத்தையும் சொல்லும். 121க்கு 135, 122க்கு 136 என்று சோடி தெரிய வேண்டும். பிசிடி என்னும் சர்வதேச விண்ணப்ப ஒப்பந்தத்தையும் இதே கட்டத்தில் தொடங்கிவிடுங்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுவோர் அதிகம், அதில் விழுவோரும் அதிகம்.
2. படிக்கத் தொடங்கிய மாதத்திலேயே பழைய கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். முழுதும் படித்த பிறகு என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பழைய தாள்களும், விடைத்தாள் திருத்துவோரின் அறிக்கைகளும் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வினாத்தாளைவிட அறிக்கை முக்கியம். எதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள், எழுதியவர்கள் பொதுவாக எங்கே வழுக்கினார்கள் என்று அதில் இருக்கிறது.
3. பயிற்சி அத்தனையும் திரையிலேயே நடக்கட்டும். ஒரே மானிட்டர், தட்டச்சு, ஓடும் கடிகாரம். தாளில் பயிற்சி செய்துவிட்டு மார்ச்சில் திரைக்குத் தாவக்கூடாது.
4. கண்டுபிடிப்புத் திறன், அதாவது வல்லுநருக்குச் சட்டென்று தோன்றியிருக்காது என்பது, பற்றிய வாதத்தை ஒரே அச்சில் எழுதிப் பழகுங்கள்: மிக நெருங்கிய முந்தைய ஆவணம், அதிலிருந்து உள்ள வேறுபாடு, அந்த வேறுபாட்டின் விளைவு, அதிலிருந்து வரும் தொழில்நுட்பச் சிக்கல், வல்லுநர் அந்தத் தீர்வுக்கு வந்திருப்பாரா என்ற கேள்வி. வந்திருக்க முடியும் என்று காட்டினால் போதாது, வந்திருப்பார் என்று காட்ட வேண்டும்.
5. வைஸ்ஃப்ளோவின் மாதிரித் தேர்வுகளைத் தவற விடாதீர்கள். கேமரா வேலை செய்யாததும், அலுவலக மடிக்கணினி பூட்டப்பட்ட உலாவியை நிறுவ விடாததும் அங்கேதான் தெரியவரும்.

அன்றாட வேலை அனுபவம் ஓரளவு வரைதான் உதவும். அலுவலகத்தில் கெடுவை மென்பொருள் எண்ணிக் கொடுக்கிறது, உரிமைக்கோரலை மூத்தவர் திருத்துகிறார். தேர்வில் இரண்டும் இல்லை. சொந்தத் துறை அறிவும் சில சமயம் இடைஞ்சல். தாளில் கொடுத்த தகவலை மட்டும் வைத்துத்தான் விடை எழுத வேண்டும். அந்த வில் நடைமுறையில் வேலை செய்யாதே என்று எஞ்சினியர் மூளை சொன்னாலும், தாள் வேலை செய்கிறது என்றால் செய்கிறது.

தேர்ச்சிக்குப் பிறகு

தேறியவர் பிரதிநிதிகள் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். பெயர் ஏறினால் 39 நாடுகளில் எங்கே இருந்தபடியும் காப்புரிமை அலுவலகத்தின் முன் ஆஜராகலாம். எதிர்ப்பு விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் வாதாடலாம். 2023 ஜூன் 1 அன்று செயல்படத் தொடங்கிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தில் வாதாட, இந்தத் தகுதியோடு காப்புரிமை வழக்காடலுக்கான கூடுதல் சான்றிதழும் வேண்டும்.

இந்தியக் குடியுரிமையோடு ஐரோப்பாவில் வேலை செய்பவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தேர்வு எழுத எந்த நாட்டுக் குடியுரிமை என்பது தடையில்லை. பட்டியலில் பெயர் ஏறத்தான், இபிசி உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமையை 134ஆவது பிரிவு கேட்கிறது. சிறப்புச் சூழ்நிலைகளில் காப்புரிமை அலுவலகத்தின் தலைவர் இதிலிருந்து விலக்கு தரலாம் என்று அதே பிரிவின் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது. விலக்குக்குத் தனியாக, காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும்வரை, நான்கு முதன்மைத் தாள்களையும் தேறியவராக இருந்தாலும், கோப்பில் இன்னொருவரின் பெயரில்தான் கையெழுத்து போகும்.